தண்ணீர் வராத நாளில் கழற்றிய குழாய்

பலெர்மோவில் எங்கள் பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். சமையலறைக் குழாய் சொட்டியது. தண்ணீர் வராத நாள்தானே என்று வால்வைப் பூட்டாமலே, வாஷர் மாற்றக் குழாயின் தலையைக் கழற்றினேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிறைந்திருந்ததை மறந்துவிட்டேன்.

தண்ணீர் முகடுவரை பீறிட்டது. துணியால் அமத்தியும் நிற்கவில்லை. வால்வு எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.

“இஞ்சாருங்கோப்பா, கீழ்வீட்டுக்கு ஒழுகினா வீட்டுக்காரன் எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவான். ஓடிப்போய் கீழ்வீட்டு மனிசியிட்ட வால்வு எங்கை எண்டு கேளுங்கோ!” என்று மனைவி கத்தினாள்.

கீழ்வீட்டு இத்தாலிய அம்மாவான சிஞ்ஞோராவோடு வணக்கத்துக்கு மேல் நான் பேசியதில்லை, எனக்குக் கூச்சம். அன்று நனைந்த சட்டையோடு கதவைத் தட்டினேன்.

“உங்கள் வீட்டுக்குள் மழையா?” என்று சிரித்தபடி வந்தவர், மாடிப்படியோரம் இருந்த சிறு கதவைத் திறந்து எங்கள் வால்வைப் பூட்டினார். பிறகு அவர் வீட்டு முகட்டை இருவரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு துளி ஈரம்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வாஷரை இப்போதும் நானேதான் மாற்றுகிறேன். ஆனால் வால்வைப் பூட்டி, குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகே கழற்றுகிறேன். சுவருக்குள் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவேன். கீழ்வீட்டில் குழாய் சொட்டினால் சிஞ்ஞோரா என்னைக் கூப்பிடுகிறார்.