ரோச் வினைச்சொல்லுக்குக் கல் கட்டிய கதை

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த அத்தனை பேருக்கும் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். சரி, அத்தனை பேருக்கும் இல்லை. ஒரே ஒருவருக்கு. அவரும் பாதியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். பெயர் ரோச்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். ரோச்சுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கடலடிக்குப் போனால் ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கும் நேரம் இருந்துவிட்டுத்தான் வருவார். மேலே வரும்போது தலைமுடி நனைந்திருக்காது என்றும் சொல்லலாம், நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் கம்பெனிக்கு, தண்ணீருக்குள் இறங்கிக் கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. நிரந்தர வேலை. முத்துக்குளிப்பு எந்த வருஷம் நடக்கும், எந்த வருஷம் நடக்காது என்று தெரியாத வீட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே இடைஞ்சல், பார்த்ததை அவரே இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும். அந்தக் காகிதம் பம்பாய் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போகும்.

ரோச் எட்டாவது வரை படித்தவர், வார்த்தைகளுக்குக் குறைவில்லை. வினைச்சொல் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி நிற்காது. ‘ஷிப் கோ’ என்பார், ‘ஷிப்ஸ் கோஸ்’ என்பார். அவர் மனைவி கிளாடிஸ், பள்ளிக்கூட டீச்சரான என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒருமை, பன்மை என்று இரண்டு நாள் கரும்பலகையை நிரப்பினேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார்:

“அந்த ‘ஸ்’ நம்ம கல்லு மாதிரி, டீச்சரம்மா. ஒருத்தன் முங்கினா வினையோட கால்ல கல்லக் கட்டணும். நாலு பேரு முங்கினா கட்டக் கூடாது.”

கடலடிக்குச் சீக்கிரம் போகக் காலில் கல்லைக் கட்டி இறங்கிய மனுஷர் அல்லவா! நானும் விடவில்லை. ‘ஐ’யும் ‘யூ’வும் தனி ஆள்தானே, அவர்களுக்கு ஏன் கல் இல்லை என்று மடக்கினேன்.

“நானும் நீங்களும் கரையில நின்னு பேசிக்கிட்டுல்லா இருக்கோம். நம்ம எங்க முங்குதோம்?”

மறுநாளே அதை என் வகுப்பில், நானே யோசித்தது போலச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டேன்.

வேலைக்குப் பரீட்சை வைத்த நாளன்று நானும் போனேன். கம்பெனி மேனேஜர் மதுசூதனன் எங்கள் ஊர்க்காரர். அன்று காலை கரைக்கு எட்டத்தில் நின்ற ஸ்டீமர் ஒன்றின் அடியில் சுழலும் விசிறியில் வடக்கயிறு சுற்றிக்கொண்டு, கப்பல் நகர முடியாமல் கிடந்தது. மேனேஜருக்கு உட்காரவே முடியவில்லை. விசிறியை எப்படிப் பார்க்கப் போகிறாய், எழுது என்றார். ரோச் எழுதினார். கடைசி வரி வரும்வரை ஒரு தப்பும் இல்லை. கடைசி வரி: ‘ரோச் அண்ட் சிலுவை கோஸ் டவுன்.’

மேனேஜர் பேனாவால் தட்டினார். இரண்டு பேருக்கு ‘கோ’ அல்லவா, இது தெரியாதா என்றார்.

“தெரியும் சார். ஆனா தண்ணிக்குள்ள நாங்க ஒரே ஆளுதான். சிலுவை என் மச்சான், கிளாடிஸோட அண்ணன். மேல அவன் கயித்தப் பிடிச்சாத்தான் நான் கீழ இறங்குவேன்.”

அந்தக் கடற்கரையில் கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான். தங்கையை விதவையாக்க எந்த அண்ணன் கை நழுவவிடுவான்? மேனேஜர் அதெல்லாம் கேட்கவில்லை. இருப்பது ஒரே வேலை, கயிறு பிடிக்கக் கம்பெனி ஆள் இருக்கிறான் என்றார். ரோச் அந்த ‘கோஸ்’ஸை அடித்து ‘கோ’ என்று திருத்தினார். காகிதத்தை மரியாதையாக நீட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நிரந்தர வேலை அவருக்கு முன்னால் படியிறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

மேனேஜர் ஜன்னல் வழியே ஸ்டீமரைப் பார்த்தார், ரோச்சின் முதுகைப் பார்த்தார். “ஏய், நில்லுப்பா. உன் மச்சானையும் கூட்டிட்டு வா,” என்றார்.

மதியத்துக்குள் விசிறி விடுபட்டது. ஸ்டீமர் ஊதிய ஊதலில் திருச்செந்தூர்க் கோயில் மணியே ஆடியது. அன்று மாலையே மச்சான்கள் இரண்டு பேருக்கும் வேலை ஆர்டர் கிடைத்தது.

இவ்வளவையும் எழுதிச் சிலுவைக்கு வாசித்துக் காட்டினேன். காதைத் தீட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

“அன்னைக்கு ரோச்சுக்கு மட்டும்தான் ஆர்டர், டீச்சரம்மா. எனக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் வந்தது. அதுவரைக்கும் நான் சும்மாதான் போய்க் கயித்தப் பிடிச்சேன்.”