காயில்காரர் வீட்டு வெள்ளித் தண்ணீர்

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். காயில் கட்டுகிறவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் காயில்காரர். தண்ணீர் இறைக்கும் மோட்டாரோ, துணி துவைக்கும் இயந்திரத்து மோட்டாரோ, எது கருகி வந்தாலும் மூக்கருகே கொண்டுபோய் மோப்பம் பிடிப்பார். "பொழைச்சுக்கும், வெச்சுட்டுப் போங்க" என்பார். அவர் வாக்கு பொய்த்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலத்தில் கைகால் ஓடவில்லை. மனைவிக்குச் சளி என்று தொடங்கியது நுரையீரலில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் அவளுக்கு மூச்சுவிடக் குழாய் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, போர்வை ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பிழைத்து வீடு வந்தாள். கூடவே வந்த பயம்தான் போக மாட்டேன் என்று அவரிடம் உட்கார்ந்துகொண்டது. அவள் ஒரு தும்மல் போட்டால் போதும், ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்துவார்.

அந்தச் சமயத்தில்தான் கைபேசியில் ஒரு காணொளி கண்ணில் பட்டது. வெள்ளி பட்டால் எந்தக் கிருமியும் செத்துவிடும், வெள்ளித் தண்ணீரை வீட்டிலேயே தயாரித்துக் குடியுங்கள் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அடித்துச் சொன்னார். வெள்ளிக் கம்பி, தண்ணீர், கொஞ்சம் மின்சாரம், அவ்வளவுதான். கம்பியும் கரண்டுமாகவே காலம் தள்ளியவருக்குக் கரும்பு தின்னக் கூலியா?

சமையலறை மேடையின் ஓரத்தை இதற்கென்றே வளைத்துப் போட்டுக்கொண்டார். கம்பியிலிருந்து புகை மாதிரி மெல்லிசாக ஏதோ பிரிந்து தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே இல்லை.

"மொதல்ல நான் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் நீ குடி" என்றார். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு காலையில் ஆளுக்கொரு டம்ளர் என்று ஆயிற்று.

"பழைய பூட்டை நக்கின மாதிரி இருக்குங்க" என்று முகத்தைச் சுளித்தாள் மனைவி.

"மருந்துன்னா தேனாவா இருக்கும்? கண்ணை மூடிட்டுக் குடி."

விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவுக்கு ஒரு பாட்டில், மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஒரு பாட்டில் என்று கொடுத்தார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவர்கள் சொன்னபோது காயில்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

நாளாக ஆகத் தன் நிறம் மாறியது அவருக்கே தெரியாது. தினம் பார்க்கிற முகத்தில் மாற்றத்தை யார் கவனிக்கிறார்கள்? பட்டறைப் புகை, வார்னிஷ் கறை என்று மனைவி நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோப்பு போட்டுத் தேய்த்துக்கூட விட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வெகுகாலம் கழித்து வந்து, கதவு திறந்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அப்பா! முகத்துக்கு என்னப்பா ஆச்சு? சாம்பல் பூசின மாதிரி இருக்கே! போன்ல பாக்கறப்போ எல்லாம் லைட்டு சரியில்லைன்னு நெனச்சேனே!"

மறுநாளே மூவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். டாக்டரம்மா அவருடைய நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளி ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். காயில்காரர் பெருமையும் பயமுமாக எல்லாவற்றையும் சொன்னார்.

"அதான் தோல்ல தங்கிடுச்சு. குடிச்சா நோய் தீரும்ங்கறதுக்கு ஆதாரமே கிடையாது. இன்னைக்கே நிறுத்திடுங்க. உள்ளுறுப்பெல்லாம் சோதிச்சுப் பாத்துடலாம்."

"நிறுத்திட்டா இது போயிடும்ல?"

"இல்லைங்க. நிறம் இப்படியேதான் இருக்கும்."

அது அவர் காதில் முழுதாக ஏறக்கூட இல்லை. சட்டென்று எழுந்துவிட்டார். "ஐயோ, இவளும் குடிச்சாளே! மொதல்ல இவளைப் பாருங்கம்மா!"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் குடிக்கலைங்க."

"என்னது?"

"மொத நாள் நாக்குல பட்டதோட சரி, ஒரு வாய்கூட உள்ள போகலை. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் சிங்க்குல ஊத்திடுவேன். ஆசை ஆசையா செஞ்சு தர்றீங்க, வேணாம்னு சொல்ல வாய் வரலை."

காயில்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்பாடா" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மகளுக்குப் புரியவில்லை. "புருஷன் பேச்சைக் கேக்காத பொண்டாட்டி வாய்ச்சாளே, நான் கொடுத்து வெச்சவன்."

ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். விட்டிருக்க மாட்டார். இன்னும் ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றிக் கொடுத்து, எதிரிலேயே நின்று குடிக்க வைத்திருப்பார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பிகளைப் பிடுங்கி மூட்டை கட்டிவிட்டு வெளியே கிளம்பினார். தையல்காரம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவர் முகத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்ததும் பாட்டிலைக் கொண்டுவந்து சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். மாடி வாத்தியார் மட்டும் விடாக்கண்டர்.

"எனக்கு வாய்ப்புண் ஆறிடுச்சேப்பா. அதுக்கு என்ன சொல்றே?"

"வாய்ப்புண் தன்னால ஆறும் சார். இது ஆறாது" என்று கன்னத்தைக் காட்டினார். "நான் பாவம் சுமக்க வேணாம், தயவு செஞ்சு குடுத்துடுங்க."

வாத்தியார் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் மிச்சத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

சோதனைகளில் கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் மனைவியை அழைத்துப்போய், டாக்டர் சொன்ன தடுப்பூசியை அவளுக்குப் போட வைத்தார். பேருந்தில் சிலர் அவரை உற்று உற்றுப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளிப்போனதும் உண்டு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்புமுன் மகள், மூவருமாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போனாள். "நான் எதுக்கு, நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்று நழுவப் பார்த்தவரை மனைவி கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள்.

படக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாருக்கு மட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கலர் சரி பண்ணிடட்டுமா?"

காயில்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "எதுக்கு? பக்கத்துல வேற ஆம்பளை நிக்கற மாதிரி இருக்கும். அப்படியே போடுங்க."