துரைக்கு யார் ஊட்டுவது

உப்புக் கம்பெனியில் எடைமேடை பார்க்கிற தனராஜுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கீழ் வீட்டில் தம்பி மாசானமும் தம்பி பொண்டாட்டி செல்வராணியும். மாடி அறையில் தனராஜும் துரையும். துரை ஒரு பல்லி. சிரிக்காதீங்க, நம்ம சுவத்துப் பல்லி இல்லை. கிரெஸ்டட் கெக்கோன்னு வெளிநாட்டுச் சாதி. உள்ளங்கை நீளம், ரெண்டு கண்ணுக்கும் மேல இமைமுடி மாதிரி முள் வரிசை. மீன்தொட்டிக் கடையைக் காலி பண்ணிய ஒருத்தர், வச்சுக்கிடுங்க அண்ணாச்சி என்று கண்ணாடிப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனது.

மனுசன் அதை வளர்த்த அழகு இருக்கே! தூத்துக்குடி வெயில் அதுக்கு ஆகாதென்று பெட்டி மேல் ஈரத்துணி, பக்கத்தில் ஐஸ் பாட்டில், டேபிள் ஃபேன். தனக்கு ஓட்டல் பரோட்டா போதும். துரைக்கோ சென்னையிலிருந்து வரவழைத்த தனி மாவு, தண்ணீர் விட்டு தோசைமாவுப் பதத்தில் கரைத்து வைக்கணும். வாரம் ஒரு நாள், வாளியில் வளர்த்த சில்வண்டு. அதையும் சும்மா போடமாட்டார். கரையில் ஒதுங்குகிற கணவாய் மீனின் ஓட்டைப் பொறுக்கி வந்து, உப்பு போக மூணு நாள் நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, அந்த வெள்ளைப் பொடியில் புரட்டித்தான் போடுவார். சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் இந்தச் சாதிக்கு எலும்பு ரப்பராகிவிடும் என்று அவருக்கு நல்லாத் தெரியும்.

போன பங்குனியில் ஒரு மாசம் நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். துரை வாயைத் திறப்பதே விளக்கு வைத்த பிறகுதான். வேற வழியில்லாமல் செல்வராணியிடம் ஒப்படைத்தார். மாவு தீர்ந்தால் பழம் மசித்துப் பொடி தூவி வை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் ரெண்டு நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள். பிறகு என்ன தோணியதோ, நாட்டு வாழைப்பழமும் பப்பாளியும் மசித்து, ஒரு சொட்டுத் தேன் விட்டு, பொடி தூவி, விரல் நுனியில் நீட்டினாள். துரை நக்கிவிட்டு இன்னும் கேட்டது.

ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், கரைத்து வைத்த மாவைத் துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனராஜ் தேனைத் தொட்டு விரலை நீட்டினார். இலைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. செல்வராணி படியேறி வந்து "ராசா" என்றாள். ஒரே தாவல், அவள் தோளில். அவளாவது சும்மா இருந்தாளா? என்னைக் கண்டா விடமாட்டேங்கான் அத்தான் என்று சிரிக்கிறாள்.

வயிறு எரிந்தது மனுசனுக்கு. இவளுக்கு என்ன குறைச்சல்? புருசன் இருக்கான், ரெண்டு பிள்ளை இருக்கு, தெருவில் பாதிப்பேர் சொந்தம். தன்னைக் கண்டதும் கிட்டக்க வந்த உயிர் இந்த உலகத்தில் ஒண்ணே ஒண்ணு, அதையும் அள்ளிக்கொண்டு போகணுமா? பொறாமைன்னா அப்படி ஒரு பொறாமை, அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி நீ வைக்காதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு பல்லிக்காகத் தம்பி பொண்டாட்டியோடு மல்லுக்கு நின்னான் என்று தெருவே சிரிக்கும். போதாததுக்கு, அவள் நீட்டினால்தான் அது தின்றது.

இப்படி இருக்கையில் செல்வராணி ஒருநாள் கேட்டாள்.

"அத்தான், அந்த வெள்ளைப் பொடி தீந்துபோச்சு. இன்னும் இருக்கா?"

அலமாரியில் புது டப்பா இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சலித்து நிரப்பினார்.

"அது இல்லாட்டியும் ஒண்ணுமில்ல. வெறும் பழமே போதும்."

துரைக்கு லேசா ஒரு சோர்வு வரட்டும். அவள் கைச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு ஆகட்டும். பிறகு பொடி போட்டுத் தேத்தித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். அவர் போட்ட திட்டம் அவ்வளவுதான், பாவி மனுசன்.

ரெண்டு மாசத்தில் சோர்வு வந்தது. கண்ணாடியில் விறுவிறுன்னு ஏறுகிற துரை, குச்சியிலேயே பிடி நழுவி விழுந்தது. தனராஜுக்கு அதில் ஒரு திருப்திகூட. இன்னும் நாலு நாள் போகட்டும் என்று இருந்தார். நாலாம் நாள் பார்த்தால் துரையின் வாய் மூடவில்லை. கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது.

ரெண்டு பேருமாக ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினார்கள். சத்துக் குறைவு என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இந்தத் தாடை இனி நேராகாது, கடைசி வரைக்கும் சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகத்தான் ஊட்டணும். செல்வராணி வழியெல்லாம் அழுதாள், தன் கையால்தான் கெட்டுப்போச்சு என்று. வீட்டுக்கு வந்தால் மாசானம் வேறு ஏசினான். பக்குவம் தெரியாம அண்ணன் வளர்க்கிற சீவனுக்கு ஏன் தீனி வச்ச என்று கேட்டான். ஆமா, என் தப்புதான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க தனராஜால் முடியவில்லை. மாடிக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். இது அப்பவே இருந்தது என்றார்.

செல்வராணி திறந்து பார்த்தாள். மூடி வரைக்கும் பொடி.

"நான் கேட்டேனே அத்தான்."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அதுக்கப்புறம் அவள் மாடிப்படி மிதிக்கவில்லை. இப்போது துரைக்குத் தினமும் ஊட்டுவது தனராஜ் ஒருத்தர்தான், வேற கை கிடையாது. கீழே அவள் குரல் கேட்கும்போது துரை அந்தப் பக்கம் தலையைத் திருப்பும், வாயில் விட்டதெல்லாம் வழிந்துவிடும். அவர் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவார்.