மரங்களில் போட்ட நீலக் கோடுகள்

மாசி மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது இருபதுக்கு ஆம்பூரிலிருந்து என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். போக வேண்டிய இடத்தைப் பேருந்துச் சீட்டுகள் முடிவு செய்திருந்தன. எங்கள் பகுதியின் அட்சரேகை, தீர்க்கரேகையில் முதல் இலக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியை அந்த வாரச் சீட்டுகளின் கடைசி எண்களிலிருந்து எடுப்பேன்; விழும் புள்ளிக்குப் போய்ப் படம் எடுத்து வருவது என் பொழுதுபோக்கு. முன்பு எடுத்த புள்ளிகளில் ஒன்று பாலாற்று மணலில் விழுந்தது, ஒன்று யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகையில். இந்த முறை அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் காட்டில் விழுந்தது. வனக்காவலரிடம் சொன்னோம். “ரெண்டு மணிக்குள்ள கீழ எறங்கிடணும்” என்று சொல்லி உள்ளே விட்டார்.

உடன் வந்தவர் பக்கத்து வீட்டு பாய். தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிப்பவர். அன்று நான்கு மணிக்கு ஆற்காட்டிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. விடிந்ததிலிருந்து நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தவரை மகளே என்னோடு அனுப்பிவிட்டாள். “மூணுக்குள்ள இட்டுனு வந்துடுங்க அங்கிள். லேட்டானா நானே டீ குடுத்து, நானே பேசி அனுப்பிடுவேன்.”

ஒற்றையடிப்பாதை முடிந்த இடத்தில் பாய் சட்டைப்பையிலிருந்து நீல மெழுகுச் சாக்பீஸை எடுத்தார். தோலில் தரம் குறிக்க அதைத்தான் வைத்திருப்பார். வழி தவறாமலிருக்க, போகப் போக மரங்களில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

பன்னிரண்டு பத்துக்குப் புள்ளியை அடைந்தோம். ஒரு பாறை, ஓர் உசிலை மரம், காய்ந்த ஆட்டுப் புழுக்கை.

“இதுக்கா வந்தோம்?”

“இதுக்குத்தான் பாய்.”

நான்கு திசையிலும் படம் எடுத்தேன். நான்காவது படத்தோடு கைபேசி அணைந்துவிட்டது. பாயின் கைபேசி வீட்டில் சார்ஜில் இருந்தது.

“கோடு இருக்கு சார், பயம் இன்னா?”

திரும்பி நடந்தோம். ஒரு மரத்திலும் கோடு இல்லை. அரை மணி நேரம் சுற்றியபின் பாய் ஒரு மரத்தில் சாய்ந்தார், பிறகு ஏதோ தோன்றி அதன் பின்னால் போய்ப் பார்த்தார். கோடு அங்கே இருந்தது. ஏறும்போது தன் முகத்துக்கு நேராக இருந்த பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்.

“மேசையில தோலுதான் சார் பொரளும். நானா சுத்தி வருவேன்?”

அதன்பின் ஒருவர் கோடுள்ள மரத்தடியில் நிற்க, மற்றவர் முன்னே போய் ஒவ்வொரு மரத்தின் பின்பக்கத்தையும் பார்க்க, அப்படியே இறங்கினோம். முன்னே போனது பெரும்பாலும் பாய்தான். முள் கிழித்ததைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. என் கைக்கடிகாரத்தைக் காட்டி “மணி இன்னா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாற்பதுக்குச் சாலைக்கு வந்தோம். வனக்காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

வீட்டை அடைந்தபோது நான்கு இருபத்தைந்து. வந்தவர்கள் டீ குடித்து முடித்திருந்தார்கள். மகள் எங்களைப் பார்க்கவே இல்லை. பையனின் தகப்பனார் தோல் வியாபாரி. பாயின் கைகளை உற்றுப் பார்த்தார்.

“இன்னா பாய், ரெண்டு கையிலும் முள்ளுக் கீறல்?”

பொய் சொல்வார் என்று நினைத்தேன். பாய் நின்றபடியே சீட்டு, புள்ளி, கோடு எல்லாவற்றையும் சொன்னார். தன் தப்பையும் மறைக்கவில்லை.

பையனின் தகப்பனார் தன் மனைவியைப் பார்த்தார், பிறகு பையனை. எழுந்து பாயின் தோளைத் தட்டினார்.

“வர்ற ஞாயித்துக்கெழம நீங்க எல்லாரும் ஆற்காடு வந்து வீட்டப் பாருங்க. பஸ் ஸ்டாண்டுலயே ஆள நிக்க வெக்கிறேன்.”

பாய் அப்போதுதான் உட்கார்ந்தார்.