ஆபரேஷனுக்குப் போகுமுன் நான் செய்த பொருத்தனை

அன்பான சகோதரிகளே, சகோதரர்களே, சபையில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு என் சாட்சியில் பாதி தெரிந்திருக்கும். முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மற்றப் பாதியைத்தான் எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று பல மாதங்கள் யோசித்தேன். இப்போதும் தயக்கமாகத்தான் இருக்கிறது.

1996 டிசம்பரில் என் எடை நூற்றுப் பதினான்கு கிலோ. வயது இருபத்தெட்டு. என் மகள் ஜெனி பிறந்தபின் ஏறிய எடை இறங்கவே இல்லை. சர்க்கரை வந்துவிட்டது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். என் கணவர் டேனியல் பயந்து எழுந்து என்னைத் தட்டுவார். பட்டினி கிடந்து பார்த்தேன், கொள்ளுக் கஞ்சி குடித்துப் பார்த்தேன். இறங்கியதெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஆட்டோவில் ஏறினால், "இன்னாம்மா, நடுவுல குந்து, வண்டி ஒரு பக்கமா சாயுது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்காருவேன்.

கிறிஸ்துமஸ் துணி எடுக்க ஒருநாள் ஜெனியோடு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். மின்சார ரயில் வந்துகொண்டிருந்தது. மூன்று வயதுப் பிள்ளை, என் கையை உதறிவிட்டு ரயிலைப் பார்க்க ஓடினாள். நான் ஓட முயன்றேன். நாலு அடிகூட வைக்க முடியவில்லை, மூச்சு அடைத்துவிட்டது. கத்தக்கூடக் குரல் வரவில்லை. பிளாட்பாரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிள்ளையைப் பிடித்தாள். ரயில் எங்களைக் கடந்து போய் நின்றது.

"பெத்தா மட்டும் போதுமாம்மா? புடிக்கத் தெரிய வாணாம்?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அன்று முதல் என் ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, என் பிள்ளை வளரும்வரை என்னை உயிரோடு வையும். இவளைப் பிடிக்க எனக்குக் கால் தாரும்.

எங்களைப் பார்த்துவந்த டாக்டர், நகரத்தில் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். அவர் வெளிநாட்டில் படித்தவர். இரைப்பையின் மேல்பகுதியைத் தைத்துச் சிறிய பையாக்கிவிடுவார்களாம். ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் கொள்ளுமாம். அப்போது எங்களுக்குத் தெரிந்த யாரும் இதைச் செய்துகொண்டதில்லை. "ஆபத்து இருக்கு. செய்யாம இருந்தாலும் ஆபத்து இருக்கு. எது பெரிசுன்னு நீங்கதான் யோசிக்கணும்" என்றார் அந்த நிபுணர். யோசிப்பதுதான் எனக்கு வியாதியே.

இது அவிசுவாசமோ? ஜெபித்துக் காத்திருக்காமல் கத்திக்குப் போகிறேனோ? பெருந்தீனி பாவம் என்கிறோமே, என் பாவத்துக்கு ஆபரேஷன் செய்கிறேனோ? பாளையங்கோட்டையிலிருந்து வந்த என் மாமியார் கேட்டதும் அதுவே. "ஏளா, வாயக் கட்டுனா போதாதா? நல்லாருக்க வயித்த எதுக்கு அறுக்கணும்ங்கேன்?" வாயைக் கட்டிக் கட்டித் தோற்றவள் நான். கடைசியில் டேனியல்தான் சொன்னார். "கண்ணு சரியில்லன்னா கண்ணாடி போடுறோம், அது அவிசுவாசமா?" அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன் எட்டு கிலோ குறைக்கச் சொன்னார்கள். காலையில் சேலையூரில் எங்கள் வீட்டருகே இருந்த பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்தேன். மூன்று உருண்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பழகச் சொன்னார்கள். மூன்று உருண்டையும் மேலே ஏறினால் ஜெனி கைதட்டுவாள். சாப்பிடவும் முன்கூட்டியே பழகவேண்டும். சின்னக் கரண்டி, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருத்தல். ஜெனியின் பால்சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிட்டுப் பழகினேன். கடைசி இரண்டு வாரம் மோரும் சூப்பும்தான். மேடவாக்கத்தில் உறவினர் கல்யாணம் ஒன்று வந்தது. பிரியாணி வாசனை தாங்காமல் கை கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். இதையும் சாட்சியில் எழுதவேண்டுமா என்று தெரியவில்லை. ஆனால் உண்மை.

1997 ஏப்ரல், ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். முந்தின இரவிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆண்டவருக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் தாகம்தான் இருந்தது. அங்கேயே பொருத்தனை செய்தேன். "என்னை உயிரோடு எழுப்பினால், உயிருள்ளவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிவரை சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருப்பேன்." எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்களின் உபவாச ஜெபம் உண்டு. என் உடம்பைக் காரணம் காட்டி அதுவரை நான் ஒருநாளும் முழுதாக உபவாசம் இருந்ததில்லை. அந்தக் குறையைச் சேர்த்துத் தீர்க்கிறேன் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கண் விழித்தேன். வயிற்றில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தேன். ஸ்தோத்திரம்.

சில நாள் கழித்து நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். ஒரு ஸ்பூன். அது இறங்கிப் போவது உள்ளே தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். "தாகம் எடுத்தாலும் எடுக்காட்டாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடக்கு. மறந்துட்டு, சாயங்காலம் சேத்துக் குடிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க. கொள்ளாது. இது பழைய வயிறு இல்ல."

எனக்கு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அப்போதே என் பொருத்தனையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. டாக்டர் சிரிப்பாரோ? ஆண்டவருக்குச் சொன்னதை மனிதரிடம் பேரம் பேசலாமா?

மூன்று வாரம் மாமியார் என்னோடு இருந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றவர்தான் டைம்பீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "குடி ளா, மணி ஆச்சு" என்று கஞ்சித் தெளிவும் பருப்புத் தண்ணீரும் இளநீரும் மாற்றி மாற்றித் தந்தார். அவர் இருந்ததால் மூன்று வெள்ளிக்கிழமையும் பொருத்தனையை நிறைவேற்ற முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் எனக்குள் ஒரே நடுக்கம். வாக்குக் கொடுத்து ஏமாற்றுகிறேன். என் உயிரைத் தந்தவர் இதற்குப் பதிலாக ஜெனியை எடுத்துக்கொண்டால்? அவள் தும்மினாலும் ஓடிப்போய் நெற்றியைத் தொடுவேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நம் ஆண்டவரை அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாமியார் ஊருக்குப் போனார். அன்றைக்கே ஒரு தப்புச் செய்தேன். குழைத்த உணவுக்கு மாற இன்னும் நாள் இருந்தது. ஜெனி தட்டில் மீந்த இட்லித் துண்டைக் கை பழக்கத்தில் வாயில் போட்டுக்கொண்டேன். எச்சில் தட்டில் மீந்ததை வீணாக்காமல் சாப்பிடுவது எனக்குப் பிள்ளை பெற்ற நாளிலிருந்து வந்த பழக்கம். அது நெஞ்சுக்கூட்டில் சிக்கிக்கொண்டது. சாயங்காலம்வரை வாந்தி. தண்ணீரும் நிற்கவில்லை.

மறுநாள் வெள்ளி. வீட்டில் தடுக்க யாரும் இல்லை. டேனியல் கிண்டிக்கு வேலைக்குப் போய்விட்டார். இன்றைக்காவது என்று ஆரம்பித்தேன். சர்க்கரை மாத்திரையைப் பொடித்து நாக்கில் வைத்து அப்படியே விழுங்கினேன். அக்கினி நட்சத்திர வெயில். பன்னிரண்டு மணிக்குத் தலை கனத்தது. இரண்டு மணிக்குக் கை நடுங்கியது. இதுதான் உபவாசத்தின் பாடு என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். அடுக்களைக்குப் போனவள், கண் இருட்டி அப்படியே சரிந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஜெனி எழுந்து வந்து என் தோளை உலுக்கினாள். "அம்மா, எந்திரி. அம்மா." குரல் கேட்கிறது, கையை அசைக்க முடியவில்லை. தெருக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவளுக்கு எட்டாது. டேனியல் வர ஏழு மணி ஆகும். அடுப்பங்கரையில் அரிவாள்மனை கீழே கிடந்தது. அதன் பக்கத்தில் என் பிள்ளை உட்கார்ந்து அழுகிறாள்.

நாக்கு புரளவில்லை. மனதுக்குள் சொன்னேன். "ஆண்டவரே, பொருத்தனையை முறிக்கிறேன். தண்டனை எனக்கு மட்டும் இருக்கட்டும். யாரையாவது அனுப்பும். இப்போதே அனுப்பும்."

தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது.

எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை காலையில்தான் லாரி வரும். அன்று ஏன் வெள்ளிக்கிழமை வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் குடங்களையும் சேர்த்து அவர்தான் வரிசையில் வைப்பார். குடம் கேட்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"இன்னா மெர்சி, லாரி வந்துகீது, கொடத்த எட்த்து வெளிய வைக்காம இன்னா பண்றே? ஜெனி, எங்கடி உங்கம்மா?"

"அம்மா தரையில தூங்குது" என்றாள் ஜெனி.

அதற்குப்பிறகு கஸ்தூரி அக்கா சத்தம் போட்டது தெரு முழுக்கக் கேட்டதாம். லாரிக்காரரே வந்து ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பினாராம். அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஜெனியை மடியில் வைத்திருந்தார். "வழியில எங்கியும் நிறுத்தாத, போய்க்கினே இரு" என்று ஆட்டோக்காரரை அதட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது, உடம்பில் நீரே இல்லை, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அப்போது மணி ஐந்து. ஆறு ஆகவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

டேனியல் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, மெர்சி."

"சொன்னா நீங்க தடுத்திருப்பீங்க."

"ஆமா. அதுக்குத்தானே இருக்கேன்."

வீடு திரும்பிய ஞாயிறன்று ஜெனிக்குக் காய்ச்சல். நான் நடுங்கிப்போனேன். ஆண்டவர் கணக்குக் கேட்டுவிட்டார், பிள்ளையை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் உடம்பில் வேர்க்குருவோடு எழுந்து மாம்பழம் கேட்டாள். வெயில் காய்ச்சல், அவ்வளவுதான். அவள் வாயெல்லாம் மாம்பழச் சாறு வழியத் தின்பதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ கட்டு விட்டது. ஒரு பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுப்பதில் எனக்கே இத்தனை சந்தோஷம் என்றால், என்னைப் படைத்தவர் என் தாகத்தையா கேட்பார்?

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய்ப் பெண்கள் முன்னால் நடந்ததைச் சொன்னேன். எங்கள் போதகரம்மா என்னைத் திட்டவில்லை. "உயிரைக் கேட்டே, கொடுத்தார். அதை ஏம்மா அடுத்த மாசமே திருப்பிக் கொடுக்கப் போனே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தையல் வலித்தது. பிறகு எல்லாரும் என்மேல் கைவைத்து, அந்தப் பொருத்தனையிலிருந்து என்னை விடுவிக்கும்படி ஜெபித்தார்கள். பாதி ஜெபத்தில் போதகரம்மா கண்ணைத் திறந்து, "மெர்சி, மணி ஆச்சு, ரெண்டு மடக்குக் குடி" என்றார். பன்னிரண்டு பெண்கள் பட்டினியோடு முழங்காலில் இருக்க, நடுவில் நான் மட்டும் தண்ணீர் குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எழுபத்தாறு கிலோ. காலையில் ஒரு இட்லி, அதைச் சாப்பிட அரைமணி நேரம். அவசரப்பட்டால் இன்றும் வாந்திதான். இனிப்புத் தின்றால் நெஞ்சு படபடக்கும். விருந்துகளில், "என்ன மெர்சி, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்பார்கள். முன்பு அதிகம் தின்றதற்குப் பேச்சு, இப்போது தின்னாததற்குப் பேச்சு. ஜெனி மீதம் வைத்த தட்டை நேரே கழுவப் போட்டுவிடுகிறேன். அது எனக்குச் சின்ன விஷயமல்ல. கஸ்தூரி அக்கா, "உங்க சாமிதாம்மா லாரிய நாள் மாத்தி அனுப்பிச்சாரு" என்று தெருவில் எல்லாரிடமும் எனக்கு முன்னாலேயே சாட்சி சொல்லிவிட்டார்.

என் பயம் முற்றிலும் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் பயம் வந்தால் இப்போது அதைப் பூட்டிவைப்பதில்லை. முதலில் டேனியலிடம் சொல்கிறேன், பிறகு ஜெபிக்கிறேன். உங்களில் யாராவது பயத்தில் எதையோ வாக்குக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தனியே வாடிக்கொண்டிருக்கலாம். கேட்டதைக் கொடுத்துவிட்டு நம்மிடம் பறித்துக்கொள்கிறவர் அல்ல அவர். நம்புங்கள். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பாய் விரித்திருப்போம். உபவாசத்தோடு வரலாம், சாப்பிட்டுவிட்டும் வரலாம். நடுங்கிக்கொண்டு வந்தால் என் பக்கத்தில் உட்காருங்கள்.