நின்றால் பாவாடை

செருப்புக் கடையில் அவளுக்குப் பெயர் ஏணியக்கா. சுவர் நெடுக, கூரைவரை அட்டைப்பெட்டிகள். வருகிறவர்களுக்கு உச்சி வரிசையில் இருப்பதுதான் எப்போதும் பிடிக்கும். ஏறி எடுப்பது அவள் வேலை. பெண்கள் பாவாடைதான் உடுத்த வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். பெண்களின் மானத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை. ஏணியடியில் ஆண்கள் அண்ணாந்து நிற்கும்போது அந்த மானம் என்ன ஆகிறது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

முதலில் ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டியை எடுத்தாள். ஒருநாள் பெட்டியும் அவளும் சேர்ந்தே இறங்கினார்கள். பிறகு கால்களுக்கு நடுவே துணியைச் சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டாள். ஊக்கு தொடையைக் குத்தியது. கடைசியில் ஊக்கு இருந்த இடத்தில் கத்தரி வைத்தாள். இரண்டு கால்களாகத் தைத்து, முன்னும் பின்னும் மடிப்புகளால் மூடிவிட்டாள். சைக்கிள் மிதிக்கவோ குதிரை ஏறவோ வேண்டியிருந்த பெண்கள் அவளுக்கு முன்பே எங்கெங்கோ இதே இடத்தில் கத்தரி வைத்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாது.

சில நாள் யாரும் கவனிக்கவில்லை. கீழே நின்ற ஒரு வாடிக்கையாளரின் முகம் வாடியதில்தான் முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னம்மா இது?"

"பாவாடைங்க."

"ரெண்டு படி ஏறு, பாப்போம்."

ஏறினாள். பாவாடை இரண்டாகப் பிரிந்தது.

"நின்னா பாவாடை, ஏறினா கால்சட்டையா? இதப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ ஏறுனே, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். கணவன் வெகு கம்பீரமாக வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"சரிங்க. நிக்கிறேன்."

நின்றாள். வாடிக்கையாளர்கள் உச்சியைக் காட்டினார்கள். அவளும் கூடவே விரல் நீட்டிக் காட்டினாள்.

கல்லாவில் இருந்த முதலாளியின் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏறுண்ணே. நீதான் முறையா கால்சட்டை போட்டிருக்கியே."

முதலாளி ஏறினார். பாதி ஏணியில் அவருக்குப் பின்னால் டர்ரென்று ஒரு சத்தம். கடையே அண்ணாந்தது.

"யாரும் பாக்காதீங்கய்யா," என்றார் மேலிருந்து.

ஏணியக்கா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "மாத்துக்கு ஒண்ணு பையில வச்சிருக்கேங்க. நின்னா பாவாடைதான்."

ஒரு செருப்புப் பெட்டியைப் பின்னால் பிடித்தபடி இறங்கியவர், கடை சாத்தும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த வாடிக்கையாளர் உச்சியைக் காட்டியபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஏறும்மா," என்றார்.

இப்போதும் அவள் ஏறுகிறாள். அண்ணாந்து நிற்பவர்கள் குறைந்துவிட்டார்கள். செருப்பு வாங்குகிறவர்கள் குறையவில்லை.