கூலர் அடைத்த ஜன்னல்

மேல்வீட்டு ராகவன் சார், உங்கள் பூனைக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நீங்கள்தான் அதைப் பைத்தியமாக்கினீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லி ஜனக்புரியில் உங்கள் ஃபிளாட்டில் தெருவைப் பார்த்து இருந்தது ஒரே ஜன்னல். வெளியே விடாமல் நீங்கள் வளர்த்த பூனை சிட்டு, பகலெல்லாம் அதில் உட்கார்ந்து குருவிகளைப் பார்க்கும். அந்தக் கோடையில் அதே ஜன்னலை அடைத்துத் தகரக் கூலர் வைத்தீர்கள். அதன் பிறகுதான் சிட்டு திரையைக் கிழித்தது, உங்கள் காலைப் பிராண்டியது.

பூனைக்குப் பாலும் தூக்கமும் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, சிட்டு கூலரின் தகரத்தையே வெறித்துக்கொண்டிருந்தது. பழைய ஷட்டில்காக் ஒன்றை நூலில் கட்டித் தரையில் இழுத்தேன். முதலில் காது அசைந்தது. பிறகு வீடு முழுக்கத் துரத்திக் களைத்து, என் காலடியில் தூங்கியது.

"தினம் கொஞ்ச நேரம் இப்படி விளையாடுங்க சார். சமையலறை ஜன்னல்கிட்ட ஒரு ஸ்டூலாவது போடுங்க" என்றேன்.

"அச்சா, அதுக்கு டிவியும் வாங்கி வைக்கணுமா?" என்று சிரித்தீர்கள்.

அடுத்த வாரம் சிட்டு இல்லை. கேட்டதற்கு, "பிராண்டுற பூனையை யார் வெச்சுப்பா? சாக்குல கட்டித் தூரமா விட்டாச்சு" என்றீர்கள். ரோட்டையே மிதித்தறியாத பூனை அது. தெருத்தெருவாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

இன்றும் யார் வீட்டிலாவது பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், எனக்கு அங்கே காபி இறங்குவதில்லை.

இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது. சிட்டுவை எந்த இடத்தில் அவிழ்த்துவிட்டீர்கள் என்று, எல்லாரும் படிக்கும்படி இதே பக்கத்தில் எழுதுங்கள்.